பீச் டு எண்ணூர்... பைக்குள்ளே ஒரு இன்ஜின்!

சண்டே என்ன பிளான் பாஸ்? மெரினா, மால், மாட்னி ஷோ... இந்த மூணு ‘மா’வை விட்டால் நம்ம சென்னையில் வேற இடமே இல்லையா? இருக்கு. காலையில் பீச் ஸ்டேஷனுக்கு வாங்க. தாம்பரம் பக்கம் முண்டியடிக்கிற கூட்டத்துக்கு ஒரு டாட்டா காட்டிட்டு, வடக்கே போகிற கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுங்க.

“வட சென்னையா? அங்கே என்னடா இருக்கு?” என்று உங்க ரூம்மேட் மூக்கைச் சுளிப்பார். விடுங்க. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா காட்டின வட சென்னை. கேரம் போர்டு, கத்தி, கானா! நாம பார்க்கப் போறது வேற ஐட்டம். இன்ஜின்!

பார்த்துட்டு மட்டும் வரப் போறதில்லை. கண்ணாலேயே அளவெடுத்து, அதே இன்ஜினை இரண்டு கையளவில் நீங்களே செய்யப் போறீங்க. மாடல் ரயில் என்கிற இந்த ஹாபிக்கு ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பானில் தாத்தாக்கள் முதல் பேரன்கள் வரை அடிமை. நம்ம நாட்டிலும் புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் என்று ஒன்று 1998-லிருந்து இருக்கு. ஒரு சின்ன ஊரையே செய்து, அதற்குள் ரயில் விட்டிருக்கிறார்கள்.

“செய்வானேன்? கடையில் வாங்கிட்டா போச்சு” என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். வெளிநாட்டு இன்ஜின் மாடல்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தினமும் நம்மைக் காலேஜுக்கும் ஊருக்கும் இழுத்துட்டுப் போற இன்ஜினின் மாடலைக் கடையில் கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். நம்ம இன்ஜின் வேணும்னா நாமதான் செய்யணும்.

வண்டி கிளம்பறதுக்குள்ளே ஒரு கணக்கு

பயப்படாதீங்க, ஒரே ஒரு வகுத்தல்தான். மாடல் ரயில் உலகில் ரொம்பப் பிரபலமான அளவு ‘ஹெச்.ஓ.’. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் மூன்றரை மில்லிமீட்டர். அதாவது நிஜ அளவை 87-ஆல் வகுத்தால் மாடல் அளவு. இதைவிடக் குட்டியாக வேணும்னா ‘என்’ அளவு, 160-ஆல் வகுக்கணும். கண் பவர் நல்லா இருந்தா முயற்சி பண்ணுங்க!

டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினை எடுத்துக்குவோம். பஃபருக்குப் பஃபர் நீளம் 17,120 மி.மீ. வகுத்தால் 197. அகலம் 2,864, மாடலில் 33. உயரம் 4,185, மாடலில் 48. சக்கர விட்டம் 1,092, மாடலில் பன்னிரண்டரை. ஆக, ஓர் அடி ஸ்கேலைவிடச் சின்ன இன்ஜின். புத்தகப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

எடையை வகுக்கும்போது மட்டும் உஷார். நீளம், அகலம், உயரம் மூணுமே 87 மடங்கு சுருங்குவதால் மூணு தடவை வகுக்கணும். நிஜ இன்ஜின் 112.8 டன். மாடலில் எவ்வளவு வரும்? வெறும் 171 கிராம்! ஒரு செல்போன் எடை. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

ஸ்டாப் 1: ராயபுரம்

பீச்சுக்கு அடுத்த ஸ்டேஷன் இதுதான். ஒரு டிப்ஸ்: சென்ட்ரலில் ஏறினால் வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாகச் சுற்றிக் கொருக்குப்பேட்டை போயிடும், ராயபுரம் வராது. அதனால்தான் பீச்சுக்கு வரச் சொன்னேன்.

இறங்கியதும் அந்தத் தூண்களைப் பாருங்க. 1856, ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த ஸ்டேஷன் இது. ஜூலை 1-லிருந்து இங்கிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கே அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. நாட்டில் மிச்சமிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் ரொம்ப மூத்தது இதுதான். 2005-ல் புதுப்பித்தார்கள். தாஜ்மகாலுக்குக் காசு செலவு பண்ணி டூர் போறோம். இது ஒரு லோக்கல் டிக்கெட் தூரத்தில் சும்மா நிக்குது பாருங்க!

கிழவர் பக்கத்திலேயே இளவட்டங்களும் நிற்கிறார்கள். ராயபுரம் எலெக்ட்ரிக் லோகோ ஷெட் இங்கேதான். டபிள்யூ.ஏ.பி.-7 என்கிற பயணிகள் வண்டி இன்ஜின்களுக்கு இது தாய்வீடு. ஆறாயிரம் குதிரைச் சக்திக்கு மேல், மணிக்கு 140 கி.மீ. வேகம். ஒவ்வொரு இன்ஜின் உடம்பிலும் தன் ஷெட்டின் பெயர் எழுதியிருக்கும். அடுத்த தடவை தூரத்து ஊர் பிளாட்பாரத்தில் ‘ராயபுரம்’ என்று எழுதின இன்ஜினைப் பார்த்தால், ‘நம்ம ஏரியா ஆளு’ என்று ஒரு சல்யூட் வெச்சுட்டு வாங்க.

இங்கே முதல் பாடம். தண்டவாளத்தின் அகலம். நம்ம அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. 87-ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. வருகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் பதினாறரை மி.மீ.தான். ஏன்? அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. நம்ம இன்ஜினை அதன் மேல் ஏற்றினால், பீம்பாய்க்கு ஸ்கூல் பையன் செருப்பு போட்ட மாதிரி இருக்கும்!

உலகம் முழுக்க நிறையப் பேர் இதைக் கண்டுக்காமல் விட்டுடறாங்க. இங்கிலாந்தில் ‘ஓ.ஓ.’ என்று ஓர் அளவு, 76-ஆல் வகுப்பது. அவர்களும் அதே பதினாறரை மி.மீ. தண்டவாளத்தில்தான் பல வருடமாக ஓட்டுகிறார்கள். நீங்களும் அப்படியே ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் ‘என் இன்ஜின் ஐந்தரை அடிப் பாதையில்தான் ஓடும்’ என்று ரோஷம் வந்தால், தண்டவாளத்தையும் கையாலேயே போடணும். செம்பு பூசின சர்க்யூட் போர்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அதைக் கட்டையாக அடுக்கி, மேலே கம்பியைச் சால்டர் செய்வது பழைய முறை. ஈ.சி.இ. பசங்களுக்கு இது ஜுஜுபி.

ஸ்டாப் 2: தண்டையார்பேட்டை

மறுபடி வண்டி ஏறுங்க. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை தாண்டினால் தண்டையார்பேட்டை. ஜன்னலோர சீட்டுக்கு இப்பவே துண்டு போட்டுடுங்க. வரிசை வரிசையாகத் தண்டவாளம், சரக்கு வேகன், எண்ணெய் டேங்க் வேகன்... இது மார்ஷலிங் யார்டு. எங்கெங்கிருந்தோ வந்த வேகன்களைப் பிரித்து, போக வேண்டிய ஊர் வரிசைப்படி கோர்க்கிற இடம். டீசல் லோகோ ஷெட்டும் இங்கே உண்டு.

டீசல் இன்ஜின் எப்படி ஓடுதுன்னு கேட்டால் மெக்கானிக்கல் மாணவர்களே சிலபேர் ‘பஸ் மாதிரி கியர் போட்டு’ என்பார்கள். இல்லை பாஸ்! டபிள்யூ.டி.எம்.-2 உள்ளே 16 சிலிண்டர் டீசல் இன்ஜின், 2,600 குதிரைச் சக்தி. அது சக்கரத்தைச் சுத்தவே சுத்தாது. ஜெனரேட்டரைச் சுத்தும். அந்தக் கரன்ட் கீழே ஆறு அச்சுகளிலும் இருக்கிற ஆறு மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்தான் சக்கரத்தைச் சுத்தும். சுருக்கமாகச் சொன்னால், தன் பவர் ஹவுஸைத் தானே சுமந்துட்டு ஓடுகிற மின்சார இன்ஜின். மாடலிலும் மோட்டார்தானே சுத்தப் போகுது? அதனால் நீங்க செய்யப் போற குட்டி ஒண்ணும் போலி இல்லை, சொந்தக்காரன்தான்!

இந்த இன்ஜினுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. ஆல்கோ என்கிற அமெரிக்கக் கம்பெனியின் டிசைன் இது. 1962-ல் முதல் இன்ஜின்கள் கப்பலில் வந்தன. 1964-லிருந்து வாரணாசித் தொழிற்சாலையில் நாமே செய்ய ஆரம்பித்தோம். 1969-ல் அமெரிக்காவில் ஆல்கோ கம்பெனியையே மூடிட்டாங்க. ஆனால் பெற்றவர் போன பிறகும் பிள்ளை இங்கே பல பத்தாண்டுகள் வளர்ந்தது, ஆயிரக்கணக்கில் ஓடியது. கறுப்புப் புகையோடு ‘தடக் தடக்’ என்று இழுக்கிற அந்தச் சத்தம், நம்ம அப்பா தலைமுறையின் ரிங்டோன்.

இப்போது அந்தச் சத்தம் அடங்கிட்டு வருது. அகலப் பாதை கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமாகிவிட்டது. பழைய டீசல்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று, காயலான் கடை ஏலத்துக்குப் போகின்றன. ஒன்றிரண்டைத்தான் மியூசியத்தில் நிறுத்துவார்கள். மற்றதெல்லாம்? ஜன்னல் கம்பி எப்படி இருந்தது, ஏணி எத்தனை படி, எந்த ஷெட் என்ன பெயின்ட் அடித்தது... யாராவது உட்கார்ந்து அளந்து, வரைந்து, செய்து வைத்தால்தான் மிஞ்சும். கண்ணில் படும்போதே செய்துவிட வேண்டும்.

அளப்பது எப்படி? டேப்பை எடுத்துட்டுத் தண்டவாளத்தில் இறங்கிடாதீங்க! அத்துமீறி ரயில்வே இடத்தில் நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் கேஸ், அதைவிட முக்கியம் உயிர். ஸ்டேஷனில் கேமராவை நீட்டும் முன்பும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பிளாட்பாரத்திலிருந்து பக்கவாட்டில் நேராக ஒரு போட்டோ கிடைத்தால் போதும், சக்கரம்தான் உங்க ஸ்கேல். பிரின்ட் போட்ட படத்தில் சக்கரம் 1 செ.மீ., ஜன்னல் 0.7 செ.மீ. என்றால், ஜன்னலின் நிஜ அளவு 1,092-ல் 0.7 பங்கு, அதாவது 764 மி.மீ. மாடலில் 8.8 மி.மீ. சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்து கொஞ்சம் சின்னதாகி இருக்கலாம். அதனால் மொத்த நீளத்தோடும் ஒருமுறை ஒப்பிட்டுச் சரி பாருங்க.

யார்டைப் பார்த்த ஜோரில் ஒரு கேம். அலன் ரைட் என்கிற ஆங்கிலேயர் போட்ட ‘இங்கிள்நூக்’ என்கிற புதிர். மூன்று தண்டவாளக் கிளைகள். ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. இவற்றுக்குப் பொதுவான ஒரு நுழைவுப் பாதை. அதில் இன்ஜினும் 3 வேகனும்தான் கொள்ளும். மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 வேகன்களை எடுக்கணும். எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஐந்தையும் பெரிய கிளையில் நிறுத்தணும். எத்தனை விதமாக வரும்? 8 பெருக்கல் 7 பெருக்கல் 6 பெருக்கல் 5 பெருக்கல் 4. அதாவது 6,720! பாக்ஸ் வேகன் நிஜத்தில் சுமார் 10.7 மீட்டர், மாடலில் 12 செ.மீ.யும் கொஞ்சமும். ஆக, ஓர் ஆறடிப் பலகையில் மொத்த யார்டும் அடங்கும். ஹாஸ்டல் கட்டில் நீளம்தான்! வட்டமாகச் சுத்தி வர்ற பொம்மை ரயில் பத்து நிமிஷத்தில் போரடிக்கும். இது மூணு வருஷம் தாங்கும்.

ஸ்டாப் 3: திருவொற்றியூர்

தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மனும் இந்த ஊரின் பழைய அடையாளம். இன்னொரு அடையாளம் தொழிற்சாலைகள். 1946-ல் ஒரு சின்னக் கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆனது. உங்க ஹாஸ்டல் வாசலில் ‘டுபுடுபு’க்கிற புல்லட்டின் பூர்வீகமும் இதே திருவொற்றியூர்தான், 1950-களிலிருந்து இங்கே செய்கிறார்கள். ‘பொம்மையை வெச்சு என்ன பண்ணப் போறே?’ என்று வீட்டில் கேட்டால், அந்தப் பலூன் கதையைச் சொல்லித் தப்பிச்சுக்கோங்க.

பெரிய கம்பெனிகளின் நிழலில் இந்தப் பகுதியெங்கும் லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள். பன்னிரண்டரை மி.மீ. சக்கரம் கடைந்து தரணும்னு வரைபடத்தோடு போய் நின்றால், லேத் அண்ணன் முதலில் சிரிப்பார். “இது என்ன தம்பி, சட்டை பட்டனா?” என்பார். விளிம்பில் ஒரு விளிம்பு வேணும், ஓடுகிற பரப்பு கொஞ்சம் சரிவாக இருக்கணும் என்று சொல்லிப் பாருங்க, நிமிர்ந்து உட்கார்வார். அந்தச் சரிவுதான் ரயிலின் ரகசியம். காரில் இருக்கிற மாதிரி டிஃபரென்ஷியல் ரயிலில் கிடையாது. வளைவில் வெளிச் சக்கரம் தன் பருத்த பக்கத்திலும், உள் சக்கரம் தன் மெலிந்த பக்கத்திலும் ஓடி, அச்சு தானாகவே திரும்பிக்கொள்ளும். மெக்கானிக்கல் புக்கில் நாலு பக்கம் படிப்பதை அண்ணன் நாலு நிமிஷத்தில் கடைசலில் காட்டிடுவார்.

உடம்புக்கு மவுண்ட் போர்டு போதும். ஒரு சார்ட் பேப்பரில் நாலு பக்கமும் வரைந்து, ஒட்டி, கட்டர் பிளேடால் நறுக்குங்க. ஜன்னலை முதலில் வெட்டணும், ஓரத்தைக் கடைசியில். உங்க காலேஜ் லேபில் 3டி பிரின்டர் தூசு படிந்து கிடந்தால் அதற்கும் ஒரு வேலை. கைப்பிடிக் கம்பிக்கு மெல்லிய செம்புக் கம்பி, கிரில்லுக்குக் கொசுவலை. பொருள் வேட்டைக்கு ஜார்ஜ் டவுன் தெருக்கள் பக்கத்திலேயே இருக்கு. எலெக்ட்ரானிக்ஸுக்கு வழக்கம்போல ரிச்சி ஸ்ட்ரீட்.

மோட்டாருக்கு ‘என்-20’ என்று கேளுங்க. கியரோடு வருகிற சுண்டுவிரல் சைஸ் மோட்டார். எத்தனை ஆர்.பி.எம். என்று கடைக்காரர் கேட்பார். முழிக்காதீங்க. நிஜத்தில் மணிக்கு 100 கி.மீ. என்பது மாடலில் விநாடிக்கு 32 செ.மீ. அதற்குச் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 490 சுற்று சுத்தணும். யார்டு இன்ஜினுக்கு அவ்வளவு வேகம் எதுக்கு? 100 ஆர்.பி.எம். மோட்டார் வாங்கினால் நிஜக் கணக்கில் மணிக்கு 20 கி.மீ. வரும். பத்து கி.மீ. வேகத்தில் உருட்டினால் ஆறடிப் பலகையைக் கடக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிதானத்தில்தான் பொம்மை, இன்ஜினாக மாறும்.

நடுவில் ஒரு டீ பிரேக்: அப்கிரேடு!

ஒரு டீ, ஒரு பன் பட்டர் ஜாம். இப்போ மேட்டர்: செய்தாச்சு, அடுத்து என்ன? இந்த ஹாபியில் இன்ஜின் ‘முடிந்தது’ என்று ஒரு நாளும் வராது. அப்கிரேடுதான் பாதி சுகம்.

நிஜ ரயில்வேயே அப்படித்தான். இங்கிருந்து எட்டும் தூரத்தில் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ‘எக்ஸ்பிரஸ்’ என்கிற ஈ.ஐ.ஆர்.-21 நீராவி இன்ஜின், 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தது. 1909-ல் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. துருப்பிடித்து, பாகங்கள் காணாமல் போன அந்த எலும்புக்கூட்டைப் பெரம்பூருக்குக் கொண்டு வந்து, இல்லாததைச் செய்து, பிரேக்கைப் புதுசாக்கி, 2010-ல் மறுபடி ஓட வைத்தார்கள் நம்ம ஊர்த் தொழிலாளிகள். அதன் தங்கை ‘ஃபேரி குயின்’ 1997-ல் மறுபடி ஓடக் கிளம்பியதும் இதே பட்டறையின் கைவண்ணத்தால்தான். இன்னொரு பக்கம், 2018-ல் வாரணாசியில் இரண்டு டீசல் இன்ஜின்களை மின்சார இன்ஜின்களாகவே மாற்றினார்கள். 2,600 குதிரைச் சக்தி 5,000 ஆனது. அப்கிரேடு என்றால் இது!

நம்ம லெவலுக்கு வருவோம். முதல் அப்கிரேடு, எடை. 171 கிராம் ஞாபகம் இருக்கா? அட்டை இன்ஜின் அதுகூட இருக்காது. எடை இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும். இழுவிசை என்பது சக்கரத்தை அழுத்துகிற எடையில் ஏறத்தாழ கால் பங்குதான். நிஜ இன்ஜின் நூறு டன்னுக்கு மேல் இருப்பதே இதற்காகத்தான். ராயபுரம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் வலைக் கடைகளில், வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டு கேளுங்க. டேப் சுற்றி, இரண்டு போகிக்கும் நடுவே சமமாக ஒட்டுங்க. ஈயம் விஷம், ஒட்டினதும் சோப்பு போட்டுக் கை கழுவணும். 250, 300 கிராம் வந்ததும் உங்க இன்ஜின் வேகன்களை இழுக்கிற ஸ்டைலே மாறிடும்.

இரண்டாவது, லைட். 12 வோல்ட் சப்ளை, எல்.இ.டி. குடிப்பது 3 வோல்ட். மீதி 9 வோல்ட்டைத் தடுக்கணும். 10 மில்லி ஆம்பியர் கரன்ட்டுக்கு 900 ஓம்ஸ். கடையில் 1 கிலோ ஓம் என்று கேட்டு வாங்குங்க. முன்னால் போனால் முன் விளக்கு, பின்னால் போனால் பின் விளக்கு எரியணுமா? இரண்டு எல்.இ.டி.யை எதிரெதிர்த் திசையில் கட்டினால் போதும்.

மூன்றாவது, கன்ட்ரோல். வோல்ட்டைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் மோட்டார் திக்கித் திணறும். முழு வோல்ட்டையும் துண்டு துண்டாக, விநாடிக்குப் பல நூறு முறை ஆன்-ஆஃப் செய்து கொடுத்தால் பூனை மாதிரி நகரும். ஒரு ஆர்டுயினோவும் மோட்டார் டிரைவரும் இருந்தால் இ.இ.இ. தோழி ஒரு மாலையில் முடித்துத் தருவார். வெளிநாடுகளில் ‘டி.சி.சி.’ என்று ஒரு முறை. தண்டவாளத்திலேயே கரன்ட்டோடு டிஜிட்டல் கட்டளையும் போகும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி நம்பர். ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி தொடங்கியதை 1990-களில் பொதுத் தரமாக்கினார்கள். கையால் போட்ட தண்டவாளத்துக்கு அதைவிடச் சுலபமான வழி, இன்ஜினுக்குள்ளேயே சின்ன பேட்டரி, செல்போனில் புளூடூத். தண்டவாளத்தில் கரன்ட்டே வேண்டாம். பேட்டரிக்குப் பாதுகாப்பு சர்க்யூட் மட்டும் கட்டாயம்.

நான்காவது, சத்தம். குட்டி ஸ்பீக்கரில் அந்த ‘தடக் தடக்’ கேட்கட்டும். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க. பாக்கெட் மணி உயர வாய்ப்பு உண்டு!

ஸ்டாப் 4: எண்ணூர்

மறுபடி ரயில். விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். ஒரு பக்கம் கடல், கொற்றலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம், வலை வீசுகிற படகுகள். இன்னொரு பக்கம் கோபுரம் கோபுரமாகப் புகைபோக்கிகள். 1970-லிருந்து ஓடின எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் பெரிய அனல் மின் நிலையம் இருக்கு, 2001-லிருந்து எண்ணூர் துறைமுகமும். 2014-ல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள்.

ஷோரூம் மாதிரி பளபளக்கிற இன்ஜினை யாரும் நிஜம் என்று நம்ப மாட்டார்கள். ஓடின இன்ஜினுக்கு அழுக்கு உண்டு. அதைப் பூசுவதுதான் மாடலிங்கின் கடைசிக் கலை. எண்ணூர் அதற்கு யுனிவர்சிட்டி. நல்லா பாருங்க. புகை வெளியேறும் இடத்தைச் சுற்றிக் கரி. கூரையில் சாம்பல் நிறத் தூசு. போகியில் பிரேக் தேய்ந்து பறந்த இரும்புத் தூளின் செம்பழுப்பு. உப்புக் காற்றில் ஜன்னல் ஓரத்திலிருந்து வழிகிற துருக்கோடு. வீட்டுக்கு வந்து சாக் பாஸ்டலை உப்புக் காகிதத்தில் தேய்த்துப் பொடியாக்குங்க. மெல்லிய பிரஷ்ஷால் தடவி, மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கோட் ஸ்பிரே. கறுப்பைக் கம்மியாகவும் பழுப்பை அதிகமாகவும் போடுங்க. மேலிருந்து கீழாக மட்டுமே இழுங்க, மழை அப்படித்தான் பெய்யும்.

பூசும்போது ஒன்றை நினைச்சுக்கோங்க. இந்தத் தூசு இன்ஜின் மேல் மட்டும் படியவில்லை. முன்பெல்லாம் சென்னைத் துறைமுகத்திலேயே நிலக்கரி இறங்கியது. ராயபுரம் பக்கத்து வீடுகளில் காய்கிற துணியிலும் குடிக்கிற தண்ணீரிலும் கரி. மக்கள் போராடினார்கள். உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011-ல் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. எல்லாம் எண்ணூருக்கு வந்தது. தூசு ஒழியவில்லை, அட்ரஸ் மாறியது! இங்கே ஆற்றில் சாம்பல் கலக்குது, மீன் குறையுது என்று மீனவர்கள் வருஷக் கணக்காகச் சொல்லிட்டே இருக்காங்க. தென் சென்னை ஹாஸ்டலில் நாம் ஃபேனை ஐந்தில் வைக்கிறோமே, அந்தக் கரன்ட்டின் ஒரு பங்கு இந்தக் கரியிலிருந்தும் வருகிறது. இங்கே ஒரு பாட்டி தினமும் திண்ணையைத் துடைக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், அழுக்கில்லாத மாடல் பொய் சொல்கிற மாடல். உங்க ஆறடிப் பலகையில் இன்ஜின், வேகன், யார்டு மட்டும் வெச்சுட்டு நிறுத்திடாதீங்க. ஓரத்தில் ஒரு வீடு வையுங்க. மொட்டை மாடியில் ஒரு கொடி கட்டுங்க. அதில் தொங்குகிற வெள்ளைச் சட்டைக்கு அந்தப் பழுப்புப் பொடியை லேசாகத் தடவுங்க. ‘அழகா இருக்கே’ என்று வருகிறவர்கள், சட்டையைப் பார்த்ததும் ஒரு விநாடி நிற்பார்கள். ஐம்பது பக்கம் புராஜெக்ட் ரிப்போர்ட் செய்யாததை அந்த ஒரு சட்டை செய்யும்.

அடுத்த சிம்போசியம் எப்போ? மெக்கானிக்கலில் ஒருத்தர் சக்கரத்துக்கு, இ.இ.இ.யில் ஒருத்தர் மோட்டாருக்கு, ஈ.சி.இ.யில் ஒருத்தர் தண்டவாளத்துக்கு, விஸ்காமில் ஒருத்தர் பெயின்ட்டுக்கு, ஹிஸ்டரியில் ஒருத்தர் ராயபுரத்துக் கதைக்கு... டீம் ரெடி! ஐந்து டிபார்ட்மென்ட்டும் சண்டை போடாமல் சேருகிற ஒரே புராஜெக்ட் இதுவாகத்தான் இருக்கும். இன்ஜின் பக்கவாட்டில் ஷெட் பெயரை எழுத மறந்துடாதீங்க. சின்ன எழுத்து, ஆனால் தெளிவாக. ‘தண்டையார்பேட்டை’!

எண்ணூரில் பொழுது சாயுது. சென்ட்ரல் வண்டி வந்தாச்சு, ஏறுங்க. ஜன்னலோரம் யார்டு வரும்போது செல்போனைக் கீழே வெச்சுடுங்க. எத்தனை படி ஏணின்னு எண்ணணும்ல?